திடீர்னு சொல்லாதீக

எங்கள் தெருவில் நாயைக் கண்டு பயப்படுகிறவர்களில் சிலர் ஓடுவார்கள், சிலர் குனிந்து கல்லைத் தேடுவார்கள். நர்சக்கா இரண்டும் செய்ய மாட்டார். சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் படிப்பார்.

காலையில் குடையும் டிபன் பையுமாக அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். நடுத்தெருவில் நாய் படுத்திருந்தால் நேராக அதை நோக்கி நடக்க மாட்டார். தூரத்திலேயே ஒதுங்கத் தொடங்கி, சுவரை உரசிக்கொண்டு ஒரு வளைவு போட்டுத்தான் கடப்பார். நாய் எழுந்து நின்றுவிட்டால் இவரும் நின்றுவிடுவார். நாய்க்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா என்று எங்கள் தெருச் சுவரில் ஏதாவது ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும். நாய் மோந்து பார்த்துவிட்டு, சலித்துப் போய்த் தன் வழியே போகும். அப்புறம்தான் அக்கா நகர்வார். போடியில் யார் செத்தாலும் நர்சக்காவைக் கேட்டால் வயதோடு சொல்வார் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. நானும் அவருக்கு போஸ்டர் படிக்கிற பைத்தியம் என்றே நினைத்திருந்தேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் சொன்னதில்லை. அவரைவிடப் பத்து வயது பெரியவர்களுக்கும் அவர் நர்சக்காதான். ஒல்லியான, உயரமான உருவம். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கனமாக வரும். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறைதான் கடைசி வரை அவருக்குச் சோலி. இப்போது ஓய்வு பெற்று, தங்கச்சியோடு இருக்கப் போய்விட்டார். அவர் இருந்த வீட்டில் ஒரு கண்ணாடிக்கடைக்காரர் குடியிருக்கிறார்.

நான் அவரிடம் முதன்முதலில் ஒழுங்காகப் பேசியதே கடி வாங்கிக்கொண்டுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டியில் போனபோது ஒரு நாய் துரத்தி வந்து கணுக்காலைப் பிடித்துவிட்டது. வரிசையில் நின்று உள்ளே போனேன்.

"எப்படிக் கடிச்சுச்சு?" என்றார்.

"சும்மாத்தான் போய்க்கிட்டு இருந்தேன்க்கா. திடீர்னு..."

மருந்துக் குப்பியிலிருந்து நிமிர்ந்தார். "அந்தத் திடீர்னுங்கிறத எடுத்துட்டுச் சொல்லு."

"நாய் குலைச்சுக்கிட்டே வந்துச்சு."

"நீ வண்டிய மெதுவாக்குனியா, முடுக்குனியா?"

"முடுக்குனேன்."

"கால?"

"மேல தூக்குனேன்."

"தூக்குன கால எங்கிட்டு விட்ட?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "லேசா ஒரு உதை விட்டேன்," என்றேன்.

"இம்புட்டு நடந்திருக்கு. இதுல திடீர் எங்க இருக்கு?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஊசி வலிக்கவே இல்லை, அந்த விசாரணைதான் வலித்தது. கடிபட்டவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் நாய்க்கு வக்கீலாக நிற்கிறாரே என்று எனக்குக் கோபம். மருந்துச் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த ஊசிக்குப் போனபோதும் அவர் அப்படியேதான் இருந்தார். நான்தான் கொஞ்சம் மாறியிருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் "திடீர்னு" என்று ஆரம்பித்ததும், அக்கா வாய் திறப்பதற்கு முன்னால் என் உதடு சிரிக்கத் தொடங்கியது.

அவர் கோபத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் கடிவாயில் எதையாவது அப்பிக்கொண்டு வருகிறவர்கள் வந்த அன்றைக்குப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள். எங்கள் பக்கம் மிளகாய்ப்பொடியும் உண்டு. "கொழம்பா வைக்கப் போறீக?" என்று கத்துவார். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பைக் கையில் கொடுத்து, தானே பக்கத்தில் நின்று கழுவ வைப்பார். போதும் என்று கையை இழுத்தால் மறுபடி குழாயடிக்குத் தள்ளுவார். காயம் காய்ந்துவிட்டது என்று மிச்ச ஊசிக்கு வராமல் இருப்பவர்களைக் கடைத்தெருவில் பார்த்தால் அங்கேயே பேர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார். அவருக்குப் பயந்தே பலர் ஊசியை முடித்தார்கள்.

ஒரு தடவை நான் ஊசிக்கு நின்றபோது மூக்கில் கடிபட்ட பையன் ஒருவன் வந்தான். காலேஜ் படிக்கிறவன். சித்தி வீட்டு நாயைக் கட்டிப் பிடித்து போனில் வீடியோ எடுத்திருக்கிறான். நல்ல வேளையாக ஆழமான கடி இல்லை. "நல்லா வால ஆட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு, திடீர்னு..." என்று அவன் ஆரம்பிக்க, அக்கா கையை நீட்டினார். "அந்தப் படத்தக் கொண்டா."

வரிசையில் நின்ற எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். வீடியோ ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. பையன் கழுத்தைச் சுற்றிக் கை போட்டதும் நாய் உதட்டை நக்குகிறது. முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறது. கொட்டாவி விடுகிறது. இவன் இன்னும் இறுக்குகிறான். கண்ணின் வெள்ளை தெரிகிறது, உடம்பு கட்டையாக விறைத்துவிட்டது. வால் மட்டும் மேலே நிமிர்ந்து வெடுக்கு வெடுக்கென்று ஆடுகிறது. அதோடு படம் குலுங்கி நின்றுவிட்டது.

"கொட்டாவி விடுதே, அதுக்கு ஒறக்கமா வருது?" என்று கேட்டார் அக்கா. "தின்னுட்டா ஒதட்ட நக்குது? விடுடா விடுடான்னு எத்தன வாட்டி சொல்லிருச்சு பாரு. நீ கேமராவத்தான பாத்துக்கிட்டு இருக்க."

"வால ஆட்டுச்சேக்கா," என்றான் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"உங்க பிரின்சிபாலப் பாத்தா நீகூடத்தான் சிரிக்கிற. பிரியத்துலயா சிரிக்கிற?"

இதையெல்லாம் கேட்டால் அவர் வீட்டில் நாலு நாய் வளர்க்கிறார் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று அக்காவையும் அழைத்திருந்தோம். சொந்தக்காரர் ஒருவர் குட்டி நாய் ஒன்றைத் தூக்கி வந்திருந்தார். கையளவு குட்டி. அது வாசலில் உருண்டுகொண்டு இருந்ததைப் பார்த்ததும் அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை. மேலுதடு வேர்த்திருந்தது. எவர்சில்வர் குடத்தைப் பரிசாகக் கொண்டு வந்திருந்தார், அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு நாய்ன்னா பயமா?" என்றேன். என்னால் நம்ப முடியவில்லை.

"ஊருக்கே கேக்குற மாதிரிக் கத்து," என்றார்.

குட்டியைக் கொல்லைப்புறம் கொண்டுபோன பிறகுதான் உள்ளே வந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். சின்ன வயதிலிருந்தே பயம்தானாம். ஏன் என்றெல்லாம் சொல்லவில்லை. "பிரியமா இருக்குறவுக நாயப் பாக்குறதே இல்ல தம்பி. அவுக பிரியத்தத்தான் பாக்குறாக. பயந்தவளுக்குத்தான் அது காது எப்ப பின்னால போச்சு, வாய் எப்ப மூடுச்சுன்னு எல்லாம் கண்ணுல படும். எனக்குத் தெருவுல நடக்கணும்ல." அந்தச் சுவரோர வளைவு நடையும் போஸ்டர் படிப்பும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கின. மிச்சமெல்லாம் ஊசி போட வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. கடித்த நாய்களில் ஒன்றைக்கூட அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

அவர் தனியாகத்தான் இருந்தார். புருஷன் வீடு தேனிப் பக்கம். நல்ல வசதியான இடம் என்பார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு இங்கே வந்து வாடகைக்கு வீடு பிடித்தவர் திரும்பிப் போகவில்லை. ஊரில் இதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். தெருக்குழாயில் ஒரு நாள் என் வீட்டுக்காரி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, மூலை வீட்டம்மா அக்காவிடம் நேராகவே கேட்டிருக்கிறார். "உங்க மாமியாக்காரி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். நல்லா வாயத் தொறக்காத புள்ளயாத்தான் இருந்தா, திடீர்னு இப்படிப் பண்ணிட்டாளேன்னு இன்னைக்கும் சொல்லிச் சொல்லிப் பொலம்புறாக." அக்கா குடம் நிறையும் வரை நின்று, எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவிடம் அப்புறம் அவர் பேசியதே இல்லை. என் வீட்டுக்காரி இதைச் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் அந்த ஒரு சொல்லுக்காக அவர் எல்லோரிடமும் அப்படி எரிந்து விழுவது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் நின்று சிரிக்க எனக்கு வரவில்லை.

டைகர் விஷயத்துக்கு வருகிறேன்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. என் மச்சினன், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி, அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறான். நான் வாரத்துக்கு ஒரு தரம் ஜீப்பில் ஏறுவேன். காய் எடுக்கும் பெண்கள் கீழே சிலமலை ஊரிலிருந்து தினமும் ஜீப்பில் வந்து போவார்கள். எடுத்த காயைச் சாயங்காலம் மூட்டையாகச் சுமந்து வந்து ஸ்டோர் வாசலில் நிறுக்க வேண்டும். ஸ்டோர் என்பது காயை உலர வைக்கிற கட்டடம். உலர்ந்த காய்க்குத் திருட்டுப் பயம் அதிகம் என்பதால் எல்லாத் தோட்டத்திலும் அந்த வாசல் தூணில்தான் நாயைக் கட்டுவார்கள். நாங்களும் அப்படித்தான் டைகரைக் கட்டினோம்.

பேருக்குத்தான் டைகர். இடி இடித்தால் விறகு அடுக்குக்குள் போய்ப் புகுந்துகொள்ளும். ஆனால் ராத்திரி ஆள் அரவம் கேட்டால் மலையே எழுந்திருக்கிற மாதிரிக் குரைக்கும். எனக்கு அதன்மேல் ரொம்பப் பிரியம். நான் ஜீப்பை விட்டு இறங்கினால் சங்கிலி தெறிக்கிற மாதிரிக் குதிக்கும். ஸ்டோரில் படுக்கும்போது அது வாசலில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் கண்ணை மூடுவேன்.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம், மழைச் சாயங்காலம் ஒன்றில் டைகர் செல்லத்தாயியைக் கடித்துவிட்டது. சிலமலைக்காரர், ரொம்ப வருஷமாக எங்களிடம் வருகிறவர். மத்தியானச் சோற்றில் ஒரு கை டைகருக்கு வைக்காமல் சாப்பிட மாட்டார். அதே கையில்தான் கடி, முழங்கைக்குக் கீழே, நல்ல ஆழம். மச்சினன் துணியைச் சுற்றி ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டு வந்துவிட்டான். எனக்குப் போன் வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது செல்லத்தாயி அழுதுகொண்டிருந்தார். வலிக்கு அழவில்லை. "சோறு போட்ட கையி, சோறு போட்ட கையி" என்றே அழுதார்.

கூட வந்த பெண்கள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். நாய் அங்கே இருந்தால் இனி ஜீப்பில் ஏற மாட்டோம். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் வராவிட்டால் காய் செடியிலேயே பழுத்து வெடித்துப்போகும். ஜீப்பு ஓட்டுகிறவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம ஏத்தி விட்ருவமாண்ணே?" என்றார்.

ஏற்றி விடுவது என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடிக்கிற நாயைக் கொன்ற பாவம் வேண்டாம் என்று ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டுப் பாதையில் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். வேண்டாத நாயையும் அப்படித்தான் செய்வார்கள். மலை ஏறுகிறவர்கள் பார்த்திருப்பார்கள், வளைவு ஓரத்தில் உட்கார்ந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்க்கும் நாய்களை. டைகரை அப்படி நினைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு ஊசி அறையில் அக்காதான். செல்லத்தாயியின் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஏத்தா, அழுகாமச் சொல்லு. என்ன நடந்துச்சு?"

"தெனமும் சோறு வைக்கிறேன் நர்சம்மா. காய நிறுக்கக் கொண்டு போனேன். திடீர்னு..."

"அதச் சொல்லாத. மழையா?"

"நல்ல மழை."

"தலையில என்ன போட்டிருந்த?"

மழைக் காலத்தில் காய் எடுக்கும் பெண்கள் பிளாஸ்டிக் படுதாவைத் தலையோடு போர்த்தி, இடுப்பில் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அதற்குமேல் காய் மூட்டை. முகம் தெரியாது, சரசரவென்று சத்தம் மட்டும் வரும். செல்லத்தாயி அப்படித்தான் போயிருக்கிறார். வாசலில் நல்ல நெரிசல். நாய்க்குப் பின்னால் சுவர், முன்னால் சங்கிலி முடிகிற இடத்தில் நாலைந்து படுதாக்கள். இவர் மூட்டையை இறக்கக் குனிந்திருக்கிறார்.

"அது உன்னயக் கடிக்கலத்தா. நீதான்னு அதுக்குத் தெரியல," என்றார் அக்கா. செல்லத்தாயி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அக்கா அதோடு விடவில்லை. "கடிக்கிறதுக்கு முந்தி உறுமுச்சா?"

பதில் சொன்னது என் மச்சினன். "அது உறுமாதுக்கா."

"ஏன் உறுமாது?"

"குட்டியில உறுமும். வேலைக்கு வர்றவுகளப் பாத்து உறுமுனா அவுக பயப்படுவாகல்ல? உறுமுறப்பல்லாம் மூக்கு மேல ஒண்ணு போடுவேன். கள்ளனுக்குக் குலைக்கும், நம்ம ஆளுகளப் பாத்து வாயே தொறக்காது. அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்." அவன் பெருமையாகத்தான் சொன்னான். தோட்டத்தில் எல்லோரும் அவனை அதற்காகப் பாராட்டியிருந்தார்கள், நான் உட்பட.

அக்கா ஊசி போட்டு முடித்து, பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் பேசினார். வழக்கமான சத்தம் இல்லை. "கிட்ட வராதன்னு சொல்றதுக்கு அதுகிட்ட இருந்தது அந்த ஒரு உறுமல்தான். அத நீ அடிச்சு அடக்கிட்ட. பயம் அடங்கல, சத்தந்தான் அடங்குச்சு. இப்ப சொல்லாமக் கடிச்சிருச்சுன்னு எல்லாரும் அது மேல பாயுறீக."

ஞாயிற்றுக்கிழமை ஏற்றி விடுகிற யோசனையைச் சொன்னதும் பழைய சத்தம் திரும்பிவிட்டது. "கடிச்ச நாய பத்து நாள் கண்ணு முன்னால வச்சுப் பாக்கணும். காட்டுல எறக்கி விட்டுட்டா, அது நல்லா இருக்கா இல்லையான்னு யாரு பாக்குறது? இந்த ஆத்தாவுக்கு யாரு பதில் சொல்றது?" டைகருக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்றேன். "அதுனால? அப்பவும் பாக்கணும், இவளுக்கும் ஊசி எல்லாம் முடிக்கணும்," என்றார். ஏற்றி விடுகிற பேச்சு அதோடு நின்றது; பத்து நாள் மட்டும் சங்கிலியைக் குட்டையாக்கிக் கட்டுகிறோம் என்று நான் கெஞ்சிய பிறகு பெண்களும் ஜீப்பில் ஏறினார்கள்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அக்கா மலை ஏறினார். நான் கூப்பிடவில்லை, அவராக வந்தார். பாதி வளைவு தாண்டுவதற்குள் வாந்தி. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே மேலே வந்து சேர்ந்தார். ஆனால் ஜீப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். ஸ்டோருக்குக் கொஞ்ச தூரத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பின் சீட்டில் உட்கார்ந்தபடியே சாயங்காலம் காய் நிறுக்கும் வரை டைகரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயும் அங்கேயே போயிற்று. மச்சினன் என் காதில், "மந்திரி வந்து எறங்காமப் போற மாதிரி இருக்கு மாமா," என்றான்.

அவர் காட்டிய பிறகு எங்களுக்கும் தெரிந்தது. படுதாவோடு ஒவ்வொருவர் தாண்டும்போதும் டைகர் முகத்தைத் திருப்பியது, உதட்டை நக்கியது, சுவரோடு சுவராக ஒடுங்கியது. ஒரு சாயங்காலத்தில் இத்தனை தடவை. நாங்கள் இதை வருஷக் கணக்காக, படுத்திருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறோம்.

ஜீப்புக்குள்ளிருந்தே உத்தரவு வந்தது. வாசல் தூணில் கட்டாதே, கொல்லைப்பக்கம் விறகு அடுக்குப் பக்கமாகக் கட்டு, நினைத்தால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கட்டும். காய் நிறுக்கிற பாதையும் நாய் இருக்கிற இடமும் ஒட்ட வேண்டாம். வருகிறவர்கள் படுதாவைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, தூரத்திலேயே ஒரு வார்த்தை பேசிவிட்டு வரட்டும். அதுவாக வந்தால் ஒழிய யாரும் தொட வேண்டாம். உறுமினால் அடிக்கக் கூடாது.

"உறுமுனா? கொஞ்சணுமாக்கா?" என்றான் மச்சினன்.

"கொஞ்ச வேணாம். வெலகு. அம்புட்டுத்தான்."

"நான் காவலுக்கு நாய் வளக்குறனா, மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிறனா?" என்று முணுமுணுத்தான். காய் எடுக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்லத்தாயியும் கையில் கட்டோடு வந்திருந்தார், சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்று. அவர்தான் மற்றவர்களிடம் பேசி ஒரு முடிவு சொன்னார். இந்த எடுப்பு முடிகிற வரை பார்ப்போம். ஒரு கீறல் விழுந்தாலும் நாய் ஜீப்பில் ஏற வேண்டும். அதற்கு நானும் தலையாட்டினேன்.

மச்சினன் முழு மனதோடு செய்யவில்லை. ஆனால் செய்தான். தட்டை வைத்துவிட்டு டைகருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போன் பார்ப்பான். அவன் போன் பார்ப்பதால் உலகத்தில் ஒருவருக்குப் பயன் கிடைத்தது அப்போதுதான். மெல்ல மெல்ல டைகர் அவன் பக்கத்தில் வந்து படுக்கத் தொடங்கியது. பத்து நாளும் அதற்கு மேலும் போயின, நாய்க்கு ஒன்றும் இல்லை. ஆனால் உறுமல் வரவில்லை. யாராவது கிட்டே போனால் அதே மௌனம்தான். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. நான் கீழே வரும்போதெல்லாம் அக்கா அதை மட்டும் கேட்பார். "உறுமுச்சா?" இல்லை என்பேன். உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விடுவார்.

எடுப்பு முடியப்போகிற சமயம் நான் தோட்டத்தில் இருந்தேன். நல்ல மழை. முன்பக்கம் சேறாகிவிட்டதால் செல்லத்தாயி மறதியாகக் கொல்லைப்பக்கம் சுற்றி வந்துவிட்டார். தலையோடு படுதா, மேலே மூட்டை, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. மச்சினன் விறகு அடுக்கின் பக்கத்தில் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் டைகர் எழுந்து நின்றது.

தொண்டைக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். மெல்லியதுதான், ஆனால் மழைக்கு நடுவிலும் எல்லோருக்கும் கேட்டது. செல்லத்தாயி அப்படியே நின்றார். மச்சினனின் கை விருட்டென்று மேலே போனது. டைகர் கண்ணை இறுக்கிக்கொண்டு தலையைத் தாழ்த்தியது. உறுமல் மட்டும் நிற்கவில்லை.

தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவன் அதை இறக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான். "ஆத்தா, அங்கிட்டுச் சுத்திப் போ," என்றான். "அவன் வேணாங்கிறான்."

செல்லத்தாயி பின்னோக்கியே நடந்து விலகினார். தூரமாகப் போய் மூட்டையை இறக்கி, படுதாவைத் தலையிலிருந்து தள்ளிவிட்டு, "நாந்தாண்டா, சிலமலைக்காரி," என்றார். டைகர் மூக்கைத் தூக்கி மோந்தது. உடம்பை ஒரு தரம் தலையிலிருந்து வால் வரை உதறிவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஜீப்பு வந்தபோது எல்லாப் பெண்களும் அதில் இருந்தார்கள்.

நான் கீழே இறங்கியதும் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, உறுமிருச்சு," என்றேன். அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். மழை, படுதா, மூட்டை எல்லாம் சொன்னேன்.

"உன் மச்சினன் எங்க இருந்தான்?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தான்."

"கை?"

"தூக்கிட்டான்க்கா." அவர் முகம் மாறியது. "பெறகு எறக்கிட்டான்," என்றேன்.

"அடிச்சிட்டா எறக்குனான்?"

"அடிக்காமத்தான். செல்லத்தாயியத்தான் வெலகச் சொன்னான்."

அக்கா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவும் இல்லை. "தூக்குன கை சும்மா எறங்கி நான் பாத்ததில்ல தம்பி," என்றார்.

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. நறுக்கிய அவரைக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்தான் அரிவாள்மணையை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"அடுத்த வாரம் மேல போறப்ப ஜீப்புல எனக்கும் ஒரு எடம் சொல்லிரு."

"டைகரப் பாக்கவா?"

"அது கெடக்கட்டும். உன் மச்சினனப் பாத்துட்டு வரணும்."